நிகழ்ச்சிக்கு வரும் மாணவர்களுக்குப் புள்ளி கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர் மன்றங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. தமிழ் மன்றம், குறும்படம், ரோபோ போட்டி என எதை நடத்தினாலும் முன்னால் இரண்டு வரிசைதான் நிறைகிறது. அதிலும் பாதிப் பேர் ஏற்பாட்டாளர்கள்.

கூட்டம் சேர்க்க ஓ.டி. (ஆன் டியூட்டி: நிகழ்ச்சிக்காக வகுப்பைத் தவறவிட்டாலும் வருகை கிடைக்கும்) கொடுத்துப் பார்த்தோம். போன மாதக் கருத்தரங்கில் வாசலில் கியூஆர் கோடு ஒட்டினோம். ஸ்கேன் செய்தவர்கள் 180 பேர். அரங்கில் எண்ணினால் 47 தலை. யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, விடுதிக் கட்டிலில் படுத்தபடியே மற்றவர்கள் வருகை போட்டிருக்கிறார்கள். (அந்த மூளைக்குத் தனியாகப் பரிசு தரலாம்.)

சரி, இனி புள்ளி முறை என்று யோசிக்கிறோம். பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, மாணவர்கள் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் 100 செயல்பாட்டுப் புள்ளிகள் பெரும்பாலும் சமூகப் பணி சார்ந்தவை. எங்களுடையது தனிக் கணக்கு: வந்தால் ஒன்று, வேலையில் கைகொடுத்தால் மூன்று.

புள்ளிக்கு ஈடாக எதைக் கொடுத்தால் பிள்ளைகள் மதிக்கிறார்கள்? சான்றிதழ் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேன்டீன் கூப்பன் எடுபடுமா? பணம் ரொம்ப இல்லை, வருடத்துக்குப் பதினைந்தாயிரம்தான். அப்புறம், 4.20க்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளை எப்படி உள்ளே கொண்டுவருவது? அவர்கள்தான் எங்களிடம் அதிகம். உங்கள் கல்லூரியில் சொதப்பிய முறை இருந்தாலும் எழுதுங்கள், அதுவும் உதவும்.