க்ளேயின் 'ஏஞ்சலஸ் நோவஸ்': கோட்டோரக் கறை எப்படி வந்தது?

கேள்வி:
ஓவியர் பால் க்ளே 1920-இல் செய்த இந்தத் தேவதூதன் படம் 31.8 x 24.2 செ.மீ. அளவுதான். கோடுகள் பிசிறடிக்கின்றன, நடுநடுவே கருப்புக் கறை. பேனாவா, கரியா? தூதன் பயந்திருக்கிறானா, வியந்திருக்கிறானா என்றும் பிடிபடவில்லை.

பதில் 1:
இரண்டும் இல்லை, எண்ணெய் வண்ணப் படியெடுப்பு. கார்பன் பேப்பர் வேலைதான். கார்பனை நாமே செய்துகொள்கிறோம். மெல்லிய தாளில் கருப்பு ஆயில் பெயின்டை மெழுகிப் பாதி காயவிட வேண்டும். அதை வெள்ளைத்தாள்மேல் கவிழ்த்து, அதற்கும் மேலே மூல ஓவியத்தை வைத்து ஊசிமுனையால் கோடுகளின்மேல் இழுக்க வேண்டும். அழுத்திய இடமெல்லாம் கீழே பதியும். கை ஊன்றிய இடமும் பதியும்; நீங்கள் பார்க்கும் கறை அதுதான். க்ளே அதைத் துடைக்காமல் விட்டார். பிறகு வாட்டர்கலர் பூசினார். எண்ணெய்க் கோடு தண்ணீரை ஏற்காது, அதனால் கோடு கரையாமல் நிற்கிறது.

பதில் 2:
உணர்ச்சிக்கு வருகிறேன். ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் இதை 1921-இல் வாங்கினார். 1940-இல் எழுதியபோது, இடிபாடுகளைப் பார்த்தபடியே புயலில் பின்னோக்கித் தள்ளப்படும் 'வரலாற்றின் தூதன்' என்றார். மகத்தான வாசிப்புதான், ஆனால் படத்தில் புயலும் இல்லை, இடிபாடும் இல்லை. முதலில் முகத்தைப் பாருங்கள். உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, சுருட்டிய காகிதம் போல முடி, ஓரமாகப் போகும் கண், திறந்த வாயில் இடைவெளி விட்ட பற்கள். சிறகே கையாகி விரலோடு மேலே நிற்கிறது. கால்களோ பறவையுடையவை, இந்த உடலைத் தாங்கப் போதாதவை. பயமும் வியப்பும் ஒரே முகத்தில் இருக்கின்றன; பிசிறுக் கோடு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல விடுவதில்லை. இதையே கூரான பேனாவால் போட்டிருந்தால் கேலிச்சித்திரம் ஆகியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செய்து பார்த்தேன், தாள் முழுக்கக் கருப்பு அப்பிக்கொள்கிறது.

பதில் 1:
பெயின்ட் அதிகம். ஏ5 தாளுக்குப் பட்டாணி அளவு போதும். மெழுகியதும் செய்தித்தாளை ஒற்றி எடுங்கள், இரண்டு மூன்று தடவை. விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் கருப்பு வரக் கூடாது. ரொம்பக் காய்ந்தால் கோடு விட்டுவிட்டு விழும். மணிக்கட்டுக்கு அடியில் ஸ்கேலை இரண்டு புத்தகங்கள்மேல் பாலம் மாதிரி வையுங்கள். எங்கே கறை வேண்டுமோ அங்கே மட்டும் விரலால் அழுத்துங்கள். கருப்பு மெதுவாகத்தான் உலரும். கோடு கையில் ஒட்டாத வரைக்கும் காத்திருந்து வாட்டர்கலர் போடுங்கள், அவசரப்பட்டால் தூரிகை கோட்டை இழுத்துச் சேறாக்கிவிடும்.