அப்ரைசலுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘மதிப்பீடு’ போதுமா?

நண்பர்களே, வணக்கம்.

வீட்டுக் கடன் வாங்குபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடன் தரும் வங்கிக்காக ஒருவர் வந்து வீட்டின் சந்தை மதிப்பைச் சொல்வதுதான் அப்ரைசல். அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் பழக்கதோஷத்தில் ‘மதிப்பீடு’ என்று போட்டுக்கொண்டே வந்தேன். நான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வரிக்காகப் போடும் அசெஸ்மென்டும் மதிப்பீடுதான், ஒப்பந்தக்காரர் தரும் எஸ்டிமேட்டும் மதிப்பீடுதான். ‘இந்த மதிப்பீட்டை அந்த மதிப்பீடு என்று நினைத்துவிடாதீர்கள்’ என்று எழுதவேண்டிய நிலை.

இதனால் வரும் குழப்பம் சின்னதில்லை. வரிக்கான மதிப்பை ஊர் முழுவதற்கும் பொதுவான வாய்பாட்டில் குறிக்கிறார்கள். பல இடங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதைத் திருத்துகிறார்கள். காப்பீட்டுக்கான தொகை என்பது வீடு எரிந்துபோனால் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை அதில் வராது. கடன் தரும் வங்கிக்காக ஒருவர் வந்து, இந்த ஒரு வீடு இன்ன தேதியில் சந்தையில் எவ்வளவு பெறும் என்று சொல்லும் அப்ரைசல் மூன்றாவது. மூன்று தொகையும் மூன்று விதமாக இருக்கலாம், மூன்றும் சரியாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, ‘வரி ரசீதில் வேறு தொகை இருக்கிறதே’ என்று சண்டைக்குப் போகிறவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொரு சிக்கல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மதிப்பிடு என்பதன் ‘இடு’ நீண்டுதான் மதிப்பீடு. பெயரிடு, கட்டளையிடு, விலையிடு என்கிற வரிசை. கேட்பவருக்கு, வந்தவர்தான் வீட்டுக்கு விலையை இட்டுவிட்டுப் போகிறார் என்று படுகிறது. அவர் எதையும் இடுவதில்லை. சந்தை என்ன தரும் என்று தன் கருத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

என் முன்மொழிவு: நோட்டம். நாணயத்தைக் கையில் வாங்கி நல்லது கெட்டது சொன்னவருக்கு நோட்டக்காரர் என்று பெயர் இருந்தது. அந்தப் பழைய சொல்லை மீட்டால் என்ன?

*

> என் முன்மொழிவு: நோட்டம்.

ஐயா, சொல் அழகுதான். ஆனால் ‘நேற்று ஒருவர் வந்து எங்கள் வீட்டை நோட்டம் பார்த்துவிட்டுப் போனார்’ என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போட்டுவிடுவார். நோட்டம் விடுவது இன்றைக்குத் திருடனின் வேலை. அகராதி நம் பக்கம் இருந்தாலும் தெரு நம் பக்கம் இல்லை.

நம்மிடம் குத்துமதிப்பு இருக்கிறது, கண்மதிப்பு இருக்கிறது. இரண்டிலும் ‘மதிப்பு’ என்பது ஒருவர் சொல்லும் கணிப்புத்தான், முடிந்த முடிவில்லை. அதே அச்சில் ஆய்மதிப்பு என்று வார்க்கலாமே? ஆய்ந்து சொல்லும் மதிப்பு. ஆய்மதிப்பாளர், ஆய்மதிப்பறிக்கை என்று கிளைகளும் எளிதாக வரும்.

*

குத்துமதிப்பை நினைவூட்டியதற்கு நன்றி. எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ‘ஆய்’ வேண்டாம். (குழந்தை வளர்க்கிற வீடுகளில் அந்தச் சொல் படும் பாட்டைச் சொல்லவில்லை, அது ஆய்வுக்கும் உள்ளதுதான்.) இன்ஸ்பெக்ஷனுக்கு நாம் ஏற்கெனவே ஆய்வு என்கிறோம். இந்தத் துறையில் ஆக மோசமான தவறான எண்ணமே இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான். என் தம்பி வீடு வாங்கியபோது, ‘வங்கி ஆள் வந்து சுற்றிப் பார்த்தாச்சு, குறை இருந்தால் சொல்லியிருப்பாரே’ என்று தனியாக ஆய்வாளரை வைக்காமல் விட்டான். முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிந்த நிலையை வைத்து மட்டுமே எழுதியது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. மதிப்பு சொல்ல வருபவர் அறைகளை அளப்பார், பொது நிலையைக் குறித்துக்கொள்வார், படம் எடுப்பார். கூரைமேல் ஏறுவதும், குழாயைத் திறந்து அழுத்தம் பார்ப்பதும், மின்பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் ஆய்வாளர் வேலை. ஆய்மதிப்பு என்று நாமே பெயர் வைத்தால் இந்தக் குழப்பத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.

அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் யூஸ்பாப் விதிநூல் அப்ரைசலை வரையறுப்பதே மதிப்பு பற்றிய ஒரு கருத்தை உருவாக்கும் செயல் என்றுதான். ஆகவே ‘சொல்கிறார்’ என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். மதிப்புரை பொருத்தமாக இருந்திருக்கும், அதைப் புத்தக விமர்சகர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மதிப்புக்கூற்று எப்படி?

*

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூற்று எனக்குப் பிடித்திருக்கிறது. கூற்று என்றால் யார் கூற்று, யாரிடம் கூறியது, எப்போது கூறியது என்று கேள்வி தானாக வரும். அந்த மூன்றையும்தான் மக்கள் கேட்பதில்லை. கட்டணம் தன் கையிலிருந்து போவதால், வீடு வாங்குபவர் என்னைத் தன் ஆள் என்று நினைக்கிறார். வீட்டுக் கடனுக்கான வேலையில் பெரும்பாலும் என் வாடிக்கையாளர் வங்கி. கடனை அடைக்காமல் போனால் இந்த வீடு எவ்வளவுக்குத் தாங்கும் என்பது அவர்களுடைய கவலை. பேசி முடித்த விலையைவிட என் தொகை குறைந்தால், வங்கி பொதுவாகக் குறைந்ததை வைத்தே கடனைக் கணக்கிடும். அப்போது ‘நீங்கள் விலையைக் குறைத்துவிட்டீர்கள்’ என்கிறார்கள். நான் எங்கே குறைத்தேன்?

அப்புறம் அந்த ரசீதுக் கட்டு. சமையலறையைப் புதுப்பித்தவர் ரசீதுகளோடு வாசலிலேயே நிற்பார், செலவழித்தது அப்படியே மதிப்பில் ஏறும் என்று. நான் முதலில் பார்ப்பது அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்று முடிந்த, இதைப் போன்ற வீடுகளை. விற்ற அந்த வீட்டில் ஓர் அறை கூடுதலா, அதன் விலையில் கழிப்பேன். குறைவா, கூட்டுவேன். புதுச் சமையலறைக்கு வாங்குபவர்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கணக்கில் வரும், கட்டியவர் எவ்வளவு கொடுத்தார் என்பது இல்லை. மனை விலையோடு கட்டுமானச் செலவைச் சேர்த்துத் தேய்மானத்தைக் கழிக்கும் வழியும் உண்டு, வாடகையிலிருந்து கணக்கிடும் வழியும் உண்டு. சாதாரணக் குடியிருப்புக்கு ஒப்பிடுவதே முதன்மை. விளம்பரத்தில் கேட்கும் விலை ஆசைதான், அதை விற்ற விலையோடு வைத்து எண்ண முடியாது. சோபாவும் திரைச்சீலையும் கணக்கிலேயே இல்லை.

ஆளுக்கு என்ன பெயர்? வழக்குரைஞர் போல மதிப்புரைஞர் என்றால்?

*

வழக்குரைஞர் ஒரு பக்கத்துக்காக வாதாடுகிறவர். நீங்கள் அப்படிச் செய்தால் உரிமம் போய்விடும் இல்லையா? அந்தச் சாயல் வேண்டாம். மதிப்பீட்டாளர் என்று எல்லாரும் ஏற்கெனவே அழைக்கிறார்கள், அதை அப்படியே விட்டுவிடலாம். செயலுக்கும் அறிக்கைக்கும் மட்டும் புதுச்சொல் போதும்.

*

சரி, கையேட்டில் இப்படி மாற்றிவிட்டேன்: ‘மதிப்புக்கூற்று என்பது, குறித்த ஒரு தேதியில், நெருக்கடி ஏதுமின்றி விற்கவும் வாங்கவும் விரும்பும் இருவர், விவரம் தெரிந்து, உரிய காலம் சந்தையில் வைத்த பிறகு, இந்த வீட்டுக்கு என்ன விலையில் கைமாற்றிக்கொள்வார்கள் என்று மதிப்பீட்டாளர் தம்மை அமர்த்தியவருக்குக் கூறும் கருத்து.’ நெருக்கடியும் விவரமும் சந்தையில் வைத்த காலமும் பன்னாட்டு மதிப்பீட்டு நெறிமுறைகளின் சந்தை மதிப்பு வரையறையில் உள்ளவை. தேதியை விடாதீர்கள் என்று தொழிலில் இருக்கும் நண்பர் தனிமடலில் வற்புறுத்தினார். ஆறு மாதப் பழைய அறிக்கையைக் காட்டி வாதாட வருகிறார்களாம். அறிக்கையில் வரும் தொகைக்குக் கூற்றுமதிப்பு என்று வைத்திருக்கிறேன். வரிக்கு வரிமதிப்பு, காப்பீட்டுக்கு மீள்கட்டுமதிப்பு.

இரண்டாம் அத்தியாயத்தில் ‘ஒப்பிட எடுத்துக்கொண்ட, அண்மையில் விற்று முடிந்த வீடு’ என்று 17 இடங்களில் எழுதியிருக்கிறேன், மூச்சு முட்டுகிறது. ஒப்புவீடு என்று சுருக்கலாமா? ‘ஒப்பு’ என்றதும் ஒப்பந்தம் நினைவுக்கு வருமோ என்று தயக்கம். இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.