ஆலன் கூத்தின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்

துகள் இயற்பியலில் பிஎச்டி முடித்துவிட்டு, ஊர் ஊராக போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை செய்துகொண்டு, அடுத்த வேலை எங்கே என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி அலைந்தவன்தான். அந்த நாட்களில் ஒரு கருத்தரங்குக்காக சிகாகோ போயிருந்தபோது, ஏரிக்கரையில் இருக்கிற ஆட்லர் கோளரங்கத்தில் ஆலன் கூத்தின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பிரபஞ்சம் தன் முதல் கணத்தில் அசுர வேகத்தில் விரிந்தது என்கிற 'வீக்கம்' (inflation) கோட்பாட்டைக் கொண்டுவந்த இயற்பியலாளர் அவர்.

1979 டிசம்பர் 7 என்று தேதியிட்ட பக்கம். மேலே 'பிரமாதமான ஒரு விஷயம் பிடிபட்டது' என்கிற பொருளில் கொட்டை எழுத்தில் இரண்டே சொற்கள். கீழே, இந்த மாதிரி மிகைக்குளிர்ச்சி (நிலை மாறவேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போயும் மாறாமல் இருப்பது) நடந்திருந்தால் இன்றைய பிரபஞ்சம் ஏன் இவ்வளவு தட்டையாக (வெளி வளைவில்லாமல்) இருக்கிறது என்பதை விளக்கிவிடலாம் என்று ஒரு வாக்கியம், சுற்றி இரட்டைக் கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அவர் எம்ஐடியில் பிஎச்டி வாங்கியது 1972இல், புரோட்டான் போன்ற துகள்களுக்குள் இருக்கும் குவார்க்குகள் பற்றி. அப்புறம் பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், ஸ்லாக் துகள்முடுக்கி மையம், எல்லாமே தற்காலிக வேலைகள். இத்தனைக்கும் அண்டவியல் அவருடைய துறையே இல்லை. பெருவெடிப்பில் காந்த ஒருமுனைகள் (ஒரே ஒரு காந்த முனை மட்டும் உள்ள, கோட்பாடு சொல்கிற துகள்கள்) எத்தனை உருவாகியிருக்கும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம் என கார்னெலில் சக இயற்பியலாளர் ஹென்றி டை கூப்பிட்டபோது முதலில் தயங்கினார், பிரபல இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் அங்கே வந்து உரையாற்றிய பிறகுதான் இறங்கினார். அதற்கு முன்பே, 1978இல், இயற்பியலாளர் ராபர்ட் டிக்கியின் உரையைக் கேட்டிருந்தார்: பெருவெடிப்புக்கு ஒரு விநாடி கழித்துப் பிரபஞ்சத்தின் விரிவு வேகம் துளி பிசகியிருந்தாலும் நாம் இன்று இருந்திருக்க மாட்டோம், அது எப்படி அவ்வளவு துல்லியமாக அமைந்தது என்பதுதான் அதில் இருந்த புதிர். பிரபஞ்சம் ஏன் தட்டையாக இருக்கிறது என்ற கேள்வியும் இதுவேதான். அந்த உரை அவர் மனதில் தங்கியிருந்ததால்தான், ஒருமுனைக் கணக்குப் போடும்போது விடை இதற்கும் சேர்ந்து வந்தது.

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது இந்த வீக்கம் பற்றி 1981இல் வெளிவந்த அவருடைய கட்டுரை. வீக்கம் முடியும்போது உருவாகும் குமிழிகள் சரியாகக் கலக்காது, பிரபஞ்சம் திட்டுத்திட்டாகப் போய்விடும் என்பது அவருக்கே தெரியும். அதை மறைக்காமல், இந்தக் கோட்பாட்டுக்கு ஏற்கமுடியாத விளைவுகள் இருக்கின்றன, மாற்றங்கள் தேடவேண்டும் என்று கட்டுரையின் முகப்புச் சுருக்கத்திலேயே எழுதினார். நிரந்தர வேலை தேடி அலைந்த காலத்தில் கண்டுபிடித்த ஒன்றைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதுவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பின்னால் இயற்பியலாளர் லிண்டேயும், அவரைச் சாராமல் தனியாக ஆல்பிரெக்ட்டும் ஸ்டைன்ஹார்ட்டும் அந்த ஓட்டையை அடைத்தார்கள். கூத்துக்கு 1980இலேயே எம்ஐடியில் வேலை கிடைத்துவிட்டது.

ஆதிப் பிரபஞ்சம் பற்றிய அவருடைய எம்ஐடி வகுப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவசியம் பாருங்கள். நேரில் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.