படிக்கும்போது நான் தாண்டிப்போன வாக்கியம்

எழுதத் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளில் நான் அனுப்பிய கதைகளில் ஒன்றுகூட அச்சேறவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. வந்த சில பதில்களும் ‘எங்கள் இதழுக்குப் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரியோடு முடிந்தன. அப்படியிருந்த காலத்தில், ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, என் கதையைத் திருப்பி அனுப்பிய இதழாசிரியர் ஒருவரை நேரில் பார்த்தேன். கதையில் என்ன குறை என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “பிரதி கையில் இருக்கிறதா? முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், கேட்கிறேன்” என்றார்.

படித்தேன். மூன்றாவது பத்தியில், நான் மிகவும் பாடுபட்டுச் செதுக்கிய உவமை ஒன்று இருந்தது. அது நாக்கு நுனிக்கு வந்ததும் சொல்லக் கூச்சமாக இருந்ததால், என்னையறியாமல் அதைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். அவர் கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்து, “நடுவில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டீர்களே, ஏன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாக்கியத்தின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்றை இழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்றிலிருந்து, எழுதி முடித்த எதையும் குறைந்தது இரண்டு வாரம் எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்து, பிறகு தனியறையில் உரக்கப் படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ, எங்கே குரல் தானாகத் தாழ்கிறதோ, எந்த வரியைக் கண் தாண்டிப்போகத் துடிக்கிறதோ, அங்கெல்லாம் கோடிடுவேன். அந்தக் கதை 2,400 சொற்களிலிருந்து 1,700 சொற்களாகக் குறைந்தது. அதன்பின் அனுப்பிய மூன்றாவது இதழ் அதை ஏற்றுக்கொண்டது.

ஊக்கத்தைத் தக்கவைத்துக்கொள்வது பற்றியும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல மாதங்கள் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்; உண்மையில், அனுப்பிய கதைக்குப் பதில் வரும்வரை அடுத்ததைத் தொடங்க மனம் ஒப்பவில்லை. பதிலோ என் கையில் இல்லாத ஒன்று. ஆகவே இரண்டையும் பிரித்தேன். அனுப்பியவற்றுக்கென்று தனி நோட்டு ஒன்றைப் போட்டு, கதையின் பெயர், அனுப்பிய இடம், நாள், கிடைத்த பதில், அடுத்து அனுப்ப வேண்டிய இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்தேன். ‘அடுத்து அனுப்ப வேண்டிய இடம்’ என்ற கடைசிக் கட்டத்தைக் கதையை அனுப்பும் நாளிலேயே நிரப்பிவிட வேண்டும். கதை திரும்பி வந்தால் அன்று மாலையே அடுத்த இடத்துக்குப் போய்விடும். மனம் சோர்ந்திருக்கும் வேளையில் புதிதாக எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. எழுதும் மேசையில் அந்த நோட்டுக்கு இடமில்லை. அங்கே கணக்கு ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு 300 சொற்கள். ஆண்டில் 200 நாட்கள் இதைக் கடைப்பிடித்தாலே 60,000 சொற்கள் சேர்ந்துவிடும். ஒரு நாவலுக்கு அது போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் பல ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் மறைந்த பிறகு 1883இல் வெளியான தன்வரலாற்றில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதியதாகக் குறிப்பிடுகிறார். இந்த வேகத்தைத்தான் பலரும் வியந்து பேசுவார்கள். என்னைத் தொட்டது வேறொரு செய்தி. ஒவ்வொரு நாளும் முதல் அரைமணி நேரத்தை, முந்தைய நாள் எழுதியதைப் படித்து, சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவதற்கென்றே அவர் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பென்சில் கோட்டின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது அந்தப் பகுதியைப் படித்தபோதுதான்.

*

மேலே நண்பர் இதழ்களுக்குக் கதை அனுப்பிய அனுபவத்தைப் பற்றி எழுதியிருப்பதால், புத்தகம் வெளியிட முயன்றபோது எனக்கு ஏற்பட்ட அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

என் முதல் நாவலின் பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிய மூன்றாம் நாளே தொலைபேசி அழைப்பு வந்தது. நாவல் மிக அருமையாக இருப்பதாகவும், உடனே வெளியிட விரும்புவதாகவும் பேசியவர் சொன்னார். ஏழு ஆண்டுகள் உழைத்து எழுதியது. கண்ணில் நீரே வந்துவிட்டது. அச்சுச் செலவில் ஒரு பகுதியை நான் ஏற்க வேண்டும் என்று அடுத்துச் சொன்னபோதுகூட எனக்குச் சந்தேகம் எழவில்லை. ஆசையாக, “உங்களுக்கு எந்த அத்தியாயம் பிடித்திருந்தது?” என்று கேட்டேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு, “எல்லாமே நன்றாக இருந்தது, அம்மா” என்ற பதில் வந்தது. படிக்கவே இல்லை என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்துவிட்டது.

சொந்தச் செலவில் புத்தகம் போடுவதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே செய்தால் அது மதிப்புக்குரிய வழிதான். ஆனால் படைப்பைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் பதிப்பாளர் தம் பணத்தைப் போட்டு, விற்பனையிலிருந்து எழுதியவருக்கு ராயல்டி கொடுப்பார். எழுதியவரிடமே பணம் கேட்பவர் செய்வது அச்சுத் தொழில். அதைப் பாராட்டாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில், ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், அனைத்து வடிவங்களிலும்’ என்று ஒரு வரி இருந்தது. பதிப்புரிமை குறித்து 1886ஆம் ஆண்டு உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, பொதுவாக நூல்களின் பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். அதாவது, நான் கையெழுத்திட்டிருந்தால் என் பிள்ளைகள்கூட அந்த நாவலை வேறிடத்தில் வெளியிட்டிருக்க முடியாது. பதிப்புரிமை என்பது எழுதியவுடனேயே நமக்குத் தானாகக் கிடைக்கும் உரிமை. கையை விட்டுப் போக ஒரு கையெழுத்து போதும். உரிமையை எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுக்கிறோம், எந்த மொழிக்கு, எந்த வடிவத்துக்குக் கொடுக்கிறோம், பிரதிகள் தீர்ந்தும் மறுபதிப்பு வராவிட்டால் எப்போது நம்மிடம் திரும்பும் என்பவற்றை எழுத்தில் பார்க்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாவல் வேறொரு பதிப்பகத்தில் வெளிவர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அவர்கள் என்னை முதன்முதலில் அழைத்தபோது, ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் வயது பிசகுகிறது என்பதைத்தான் முதலில் சொன்னார்கள். அதைவிட இனிய பாராட்டை நான் கேட்டதில்லை.

*

ஓர் இதழுக்கு வரும் கதைகளை முதலில் படித்துத் தேர்வு செய்யும் பணியைச் சில ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘பொருந்தவில்லை’ என்ற பதிலுக்குப் பல நேரங்களில் அதைத் தவிர வேறு பொருள் இருப்பதில்லை. முந்தைய இதழில் அதே கருவில் கதை வந்திருக்கும். பக்கம் போதாமல் இருக்கும். சொல் வரம்பைக் கவனிக்காமல் இரு மடங்கு நீளத்தில் அனுப்பப்பட்ட கதைகளும் ஏராளம்.

ஆனால் ‘அடுத்த கதையை அனுப்புங்கள்’ என்ற வரியை நாங்கள் மரியாதைக்காக எழுதியதே இல்லை. ஒருமுறை இரண்டு புதியவர்களுக்கு ஒரே நாளில் அப்படி எழுதினேன். ஒருவர் இரண்டு மாதத்தில் அனுப்பினார். அந்தக் கதை வெளிவந்தது. இன்னொருவரின் கதையில், இறந்துபோன தந்தையின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைக்கும் ஒரு சிறுமி வருவாள். முடிவு சரியாக அமையவில்லை என்பதால்தான் திருப்பி அனுப்பினோம். அவரிடமிருந்து அதன்பிறகு எதுவும் வரவில்லை. நான் அந்தப் பணியில் இருந்தவரை, புதிய கதைகள் வந்த ஒவ்வொரு வாரமும் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.