மண்டபக் கணக்கு: டொலர் ஏறியும் பணம் ஏன் போதவில்லை?

அன்பான ஊர் உறவுகளுக்கு,

ஊரில் கட்டவிருக்கும் சனசமூக நிலைய மண்டபத்தின் புதிய செலவு மதிப்பீட்டை அனுப்பியதிலிருந்து ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: "டொலருக்கு முன்னைவிடக் கூடுதலாக ரூபா கிடைக்கிறதே, பிறகென்ன பணம் போதவில்லை என்கிறீர்கள்?" கேள்வி நியாயமானது. சிலர் கேட்ட தொனி நியாயமானதல்ல, அது கிடக்கட்டும்.

நீங்கள் சேர்த்து அனுப்பிய பணம் 2021 இல், அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோதே ரூபாவாக மாறி வங்கியில் கிடந்தது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது, அதாவது மத்திய வங்கி அதன் மதிப்பைப் பிடித்துவைப்பதை விட்டது; மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை அதே ஆண்டில் மூவாயிரத்தை எட்டியது. அதாவது டொலர் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சீமெந்து மூன்று மடங்கு. நம் வங்கிப் பணமோ வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு சீமெந்து விலை இறங்கியது உண்மைதான், ஆனால் பழைய ஆயிரத்துக்கு இறங்கவில்லை. முன்பு 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியில் 18 வீதமாகிவிட்டது. கம்பியை இங்கேயே உருட்டினாலும் அதற்கான இரும்பு பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990 இல் நின்றுபோனது; சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருக்கும் நாம் சீமெந்தை லொறியில் வரவழைக்கிறோம்.

இதையெல்லாம் விடப் பெரிய தலையிடி மணல். யாழ் குடாநாட்டில் அள்ளுவதற்கு ஆற்று மணல் ஏது? வன்னியிலிருந்து வரவேண்டும். அகழ அனுமதி, ஏற்றிவர அனுமதி, டீசல், இடையில் நிற்கும் தரகர் என்று கியூப் (நூறு கன அடி) ஒன்றின் விலை வழியெல்லாம் ஏறிக்கொண்டே வருகிறது. மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் கடற்கரைப் பக்கத்து மணலைக் கொண்டுவந்து காட்டினார். நம் மேசன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பிவிட்டு, "இதைக் குழந்தைப்பிள்ளைகள் விளையாடக் கொட்டுங்கள்" என்றார். உப்பு மணல் கொங்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேல்தளம் வெடித்து உதிரும். அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

கூரைக்குப் பனைமரம் போடலாமே என்று நோர்வேயிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். வைரம் பாய்ந்த மரங்களில் எத்தனையோ போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன.

ஆகவே ஒரு வேண்டுகோள். மீதிப் பணத்தை ஒரேயடியாக அனுப்பாதீர்கள். அது உங்கள் கிளைப் பொருளாளர்களிடம் அந்தந்த நாட்டுப் பணமாகவே இருக்கட்டும். மொத்தமாக வாங்கி அடுக்கிவைத்தால் ஆதாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். சீமெந்து மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் வலு குறையும், கம்பியைக் கடற்காற்று விடாது. அத்திவாரம், சுவர், கூரை என்று மூன்று தவணையாகக் கேட்போம். ஒவ்வொரு தவணைக்கும் சுன்னாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் மூன்று கடைகளில் வாங்கிய விலைப்பட்டியலைத் திகதியுடன் படமெடுத்து இந்த மடற்குழுவிலேயே போடுவேன். கடைக்காரர்கள் ஒரு விலையை ஒரு கிழமைக்கு மேல் பிடித்துவைப்பதில்லை. பட்டியலைப் பார்த்தபின் மாதக்கணக்கில் விவாதித்தால் அந்த விலை போய்விடும்.

ஐப்பசி மழைக்கு முன் அத்திவாரம் நிலமட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும். முதல் தவணை ஆவணி முடிவதற்குள் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
பொருளாளர், ஊரிலிருந்து