கொலனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) ஆரம்பத்திலேயே கட்டி பிடிபட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யோகோஹாமாவிலிருந்து:

எனக்கு வலி இல்லை, எடை குறையவில்லை, ரத்தம் கண்ணில் பட்டதே இல்லை. இங்கே ஜப்பானில் 40 வயதைத் தாண்டினால் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதிப்பார்கள். இரண்டு நாள் மாதிரி கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு நாள் பாசிட்டிவ், மறுநாள் நெகட்டிவ். "இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டர். கட்டியிலிருந்து ரத்தம் தினமும் கசியாதாம். அடுத்தது நெகட்டிவ் வந்தாலும் அதை நம்ப முடியாது, நேராகக் கொலனோஸ்கோபிதான் என்றார்.

மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் திரையை நானும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, என்றால் காளான் போலக் காம்போடு தொங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் நிறுத்திய இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. லேசான சிவப்பு, அவ்வளவுதான். சுற்றிலும் தெரிந்த ரத்த நாளக் கோடுகள் அங்கே மட்டும் மறைந்திருந்தன. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைத் தெளித்தார். சாயம் பள்ளத்தில் தேங்கியதும் பென்சிலால் வரைந்தது போல ஒரு விளிம்பு எழுந்து வந்தது. நடுவில் குழிந்த தட்டைக் கட்டி, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இந்தக் குழிந்த வகைதான் சிறிதாக இருக்கும்போதே ஆழத்தில் இறங்கக்கூடியதாம். அந்த விளிம்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் லென்ஸைப் பெரிதாக்கி, கட்டியின் மேலுள்ள நுண்துளைகளைப் பார்த்தார். குடோ என்ற ஜப்பானிய மருத்துவர் வகுத்த முறையாம். துளைகள் வட்டமாக ஒழுங்காக இருந்தால் சாதாரணத் திசு. வடிவமே சிதைந்து போயிருந்தால் புற்று ஆழமாகப் போயிருக்கலாம், அப்போது அறுவை சிகிச்சைதான். என்னுடையது இடைப்பட்டது. சோதிக்கத் துளி சதை கிள்ளி எடுப்பார்களே, அந்தப் பயாப்ஸி எடுக்கவில்லையே என்று பதறினேன். கிள்ளிய இடத்தில் தழும்பு விழுந்தால், பிறகு கட்டியை எடுப்பதற்காக அதன் அடியில் திரவம் செலுத்தும்போது அது மேலெழும்பாமல் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று விளக்கினார்.

மூன்று வாரம் கழித்துக் குழாய் வழியாகவே முழுதாக ஒரே துண்டாக எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் புற்றுதான். ஆனால் சளிச்சவ்வுக்கு அடியில் இறங்கியிருந்தது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, நாளங்களில் பரவல் இல்லை, ஓரங்கள் சுத்தம். குடலை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

மதுரையிலிருந்து, எண்டோஸ்கோபி அறைச் செவிலியர்:

தம்பி சொன்ன அந்த லேசான சிவப்பு, குடல் சுத்தமாக இல்லாவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. பேதி மருந்தைப் பாதி குடித்துவிட்டு "எல்லாம் குடிச்சிட்டேன்மா" என்பவர்கள் நிறையப் பேர். பயம்தான் காரணம், திட்ட மாட்டேன். ஆனால் கொய்யா விதை, தக்காளித் தோல் மிதக்கிற குடலில் தட்டைக் கட்டியை எப்படித் தேடுவது? கடைசியில் போவது வெளிர் மஞ்சள் தண்ணீராக, அடிப்பகுதி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் மறைக்காமல் எங்களிடம் சொல்லிவிடுங்கள், கூட மருந்து கொடுப்போம். குழாயை வெளியே எடுக்கும்போதுதான் டாக்டர் நிதானமாகத் தேடுவார். அதற்கே குறைந்தது 6 நிமிடம் வேண்டும். அந்த நேரம் கழுவுவதிலேயே போகும்படி செய்துவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து:

எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை வருடம் ரத்தம் போனது. மூலம் என்று ஒரு இடத்தில் மாத்திரையும் களிம்பும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அப்பாவுக்கு மூலமும் உண்மையிலேயே இருந்தது, அதனால்தான் சந்தேகமே வரவில்லை. கொலனோஸ்கோபி செய்தபோது குழாய் கட்டியைத் தாண்டிப் போகவே முடியவில்லை. யோகோஹாமா அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு 41. அடுத்த வியாழக்கிழமை எனக்கும் தங்கைக்கும் சேர்த்துத் தேதி வாங்கியிருக்கிறேன். அக்கா, கொய்யாவை இன்றே நிறுத்திவிட்டோம்.