பிக்கப் ஸ்டீயரிங், முன்வீல் பிரச்சினை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தாளவாடி காய்வண்டி

திம்பம் மலைப்பாதையில நடந்ததுங்க. முட்டைக்கோஸ் லோடு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு. காலையில 6 மணிக்குச் செக்போஸ்ட் விட்டதும் இறங்க ஆரம்பிச்சேன். 27 கொண்டை ஊசியில பாதிக்கு மேல தாண்டியாச்சு. ஒரு வளைவுல ஒடிச்சுத் திருப்பறப்ப அடியில 'டக்'னு சத்தம். ஸ்டீயரிங் கையில லேசாயிடுச்சு. வலது வீல் சொன்னபடி திரும்புது, இடது வீல் அது பாட்டுக்கு வெளிய பார்த்துட்டு நிக்குது. செகண்ட் கியர்ல வந்ததால மலைப்பக்க ஓடையில இறக்கி நிறுத்த முடிஞ்சது. எதிர்ப்பக்கமா இருந்திருந்தா பள்ளம்தான்.

இறங்கிப் படுத்துப் பார்த்தேன். வீலைத் திருப்பற டை ராடோட முனை, அதான் டை ராடு எண்டு, கழண்டு தார் ரோட்டைத் தொட்டுட்டுக் கிடக்குது. நட்டைக் காணோம். நட்டு கழலாம இருக்கப் போடற ஸ்ப்ளிட் பின் இருக்கவேண்டிய ஓட்டையில கட்டுக்கம்பித் துண்டு ஒண்ணு, துருப்பிடிச்சு, பாதி அறுந்து. நம்ம ஊர்ல சென்ட்ரிங் வேலைக்கு முறுக்குவாங்களே, அதே கம்பி. மூணு வாரம் முன்னாடிதான் அந்த எண்டு மாத்தினது. மாத்தறப்ப நான் பக்கத்துலயே நின்னேன். "பின் தீர்ந்துடுச்சுங்க, இப்போதைக்குக் கம்பி போட்டுடறேன்"னு பட்டறைக்காரர் சொன்னார், நானும் சரின்னு தலையாட்டிட்டேன். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் தூங்க விடமாட்டேங்குது.

ஒட்டன்சத்திரம் தக்காளி லோடு

அண்ணா, உயிரோட வந்தீங்க, அது போதும். எனக்கு வேற மாதிரி. 60 தாண்டினா ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும், 75ல நின்னுடும். பேலன்சிங் மூணு தடவை, அலைன்மெண்ட் ரெண்டு தடவை, முன்டயர் ரெண்டும் புதுசு. உதறல் போகல. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) முடிஞ்சு நாலு மாசம்தான் ஆச்சு, அதனால வண்டி நல்லாத்தான் இருக்குன்னு நம்பிட்டே இருந்தேன்.

கடைசியா பழநி ரோட்டுல ஒரு வயசான மெக்கானிக். டயரைத் தொடவே இல்ல. முன்பக்கம் ஜாக்கி வெச்சுத் தூக்கினார், டயருக்கு அடியில கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். வீல் மொத்தமும் 'டொக்'னு மேல போய்ட்டு வந்துச்சு. என் கையைப் பிடிச்சு ஆக்சில் பக்கத்துல வெச்சு, "இப்ப நெம்பறேன், விரல்ல பாருங்க"ன்னார். விரலுக்கடியில இரும்பு நகருது! வீல் திரும்பறதுக்கு அச்சா இருக்கற கிங் பின்னோட புஷ் முழுசாத் தேஞ்சு போயிருந்துச்சு. கிரீஸ் நிப்பிள் மண்ணு அடைச்சு எத்தனை மாசமோ. கன் வெச்சு அடிக்கறப்பெல்லாம் கிரீஸ் வெளியிலயே வழிஞ்சிருக்கு, உள்ள ஒரு சொட்டு போகல. நான்தான் அடிச்சேன், நான்தான் துடைச்சேன்.

ஒண்ணு சொல்லணும். கம்பி போட்டவர் மேல மட்டும் தப்பு சொல்லமாட்டேன். மூணு வாரத்துல ஒரு நாள் குனிஞ்சு பார்த்திருக்கலாம்ல?

25 வருஷ டிரைவர், நாமக்கல்

ஒட்டன்சத்திரம் தம்பி, கட்டுக்கம்பி போட்டது குத்தம்தான். அதுல பங்கு போடாதீங்க. காசு வாங்கிட்டு வேலை செய்யறவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

எனக்கு நடந்தது சின்னது. டோல்கேட் வரிசையில பவர் ஸ்டீயரிங் பெல்ட் அறுந்து, ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிடுச்சு. ரெண்டு பேர் சேர்ந்து ஒடிச்சு ஓரம் கட்டினோம். அவ்வளவுதான்.

ஆனா இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்றேன், கேளுங்க. முன்வீலைத் தூக்கிட்டு, மூணு மணி ஒன்பது மணி இடத்துல ரெண்டு கையும் வெச்சு ஆட்டுங்க. ஆடினா பெரும்பாலும் டை ராடு எண்டு. பன்னெண்டு மணி ஆறு மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. அப்ப ஆடினா வீல் பேரிங் இல்லேன்னா கிங் பின். கிங் பின்னுக்குப் பதிலா பால் ஜாயிண்ட் இருக்கற வண்டின்னா பால் ஜாயிண்ட். எதுன்னு சந்தேகமா இருந்தா ஒருத்தரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலேன்னா கிங் பின்னோ பால் ஜாயிண்ட்டோ. அப்புறம் வண்டியை இறக்கி நிறுத்தி, ஒருத்தர் ஸ்டீயரிங்கை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் கொஞ்சமா அசைக்கட்டும், நீங்க அடியில படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் கை வெச்சுப் பாருங்க. ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தா அந்த எண்டுக்கு ஆயுசு கொஞ்ச நாள்தான், மண்ணும் தண்ணியும் உள்ள போய் அரைச்சுடும். ஆட்டத்தைச் சரி பண்ணாம அலைன்மெண்ட் பண்றது காசைத் தண்ணியில போடறது. தேஞ்ச புஷ்ஷோட டோ-இன் (முன்வீல் ரெண்டும் உள்பக்கமாப் பார்க்கற அளவு) வெச்சா மெஷினை விட்டு இறங்கறதுக்குள்ள மாறிடும். எண்டு மாத்தினா கட்டாயம் அலைன்மெண்ட் பாருங்க, இல்லேன்னா டயர் ரம்பப் பல்லாட்டம் தேயும், உள்ளங்கையால தடவினாலே தெரியும். ஸ்ப்ளிட் பின்னைக் கழட்டினா அதையே நிமிர்த்தி மறுபடி போடாதீங்க. புதுசு சில்லறைக் காசுதான்.

பொள்ளாச்சி தேங்காய் லோடு

வால்பாறையில இருந்து ஆழியாருக்கு இறங்கறப்ப. காலி வண்டி, 40 வளைவு. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டேன். எங்க மாமா காலத்துல இருந்தே அப்படித்தான் ஓட்டுவாங்க. அவர் வண்டியில பவர் ஸ்டீயரிங் கிடையாது, என் வண்டியில இருக்கு. அது புத்தியில ஏறல. வளைவுக்குள்ள போனதும் ஸ்டீயரிங் பாதி திரும்பி இறுகிடுச்சு. எதிர்ல பஸ், ஹார்ன் அடிச்சுட்டே ஏறி வருது. ரெண்டு காலையும் தரையில ஊணி எழுந்து நின்னு இழுத்தேன். பஸ்ல முன்சீட்ல ஒரு அம்மா கையை வாயில வெச்சது இன்னும் கண்ணுல நிக்குது.

25 வருஷ டிரைவர், நாமக்கல்

தம்பி, கோவப்படாதீங்க, ஆனா இது முன்வீல் பிரச்சினையே இல்ல. இன்ஜின் நின்னா பவர் ஸ்டீயரிங் பம்பும் நிக்கும். பிரேக் பூஸ்டர்ல ரெண்டு மூணு மிதிக்கு மேல வேக்கம் இருக்காது. சாவியை உருவியிருந்தா ஸ்டீயரிங் லாக்கே விழுந்திருக்கும். ஏறின கியர்லயே இறங்குங்க. கியர்ல இருக்கறப்ப ஆக்சிலேட்டரை விட்டா வண்டி உருள்ற வேகத்துலயே இன்ஜின் சுத்தும், இந்தக் காலத்து வண்டியில அப்ப டீசலே உள்ள போகாது. நீங்க மிச்சம் பிடிச்சது ஒண்ணுமே இல்ல.

பொள்ளாச்சி தேங்காய் லோடு

புரியுதுங்கண்ணா. அன்னைக்கே நிறுத்திட்டேன்.

கரூர்

கம்பி லோடு, பின்னாடி நீட்டிட்டு இருந்துச்சு. மழை. காவிரிப் பாலத்துல ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி. திருப்பறேன், வண்டி நேரா போகுது. பின்பாரம் தூக்கி முன்வீல் தரையில அழுந்தவே இல்ல. பின்னாடி ஸ்பிரிங் பட்டை கூடுதலாச் சேர்த்துப் போட்டிருந்ததால வண்டி பின்னாடி தாழவும் இல்ல, பாரம் கண்ணுக்குத் தெரியல. அதுக்கப்புறம் கம்பி ஏத்தறதே இல்ல.

தாளவாடி காய்வண்டி

ஒட்டன்சத்திரம் தம்பி கேட்டது நியாயம்தான். குனிஞ்சு பார்க்கல. ஒரு வாரமா ஸ்டீயரிங்ல ரெண்டு விரல் அளவு ப்ளே (வெறும் ஆட்டம்) இருந்துச்சு, லோடு அவசரத்துல விட்டுட்டேன்.

நாமக்கல் அண்ணா சொன்ன மாதிரி நேத்து சாயங்காலம் என் பையனை ஸ்டீயரிங்ல உட்கார வெச்சு அசைக்கச் சொல்லிட்டு அடியில படுத்தேன். இடது பக்கம் கெட்டியா இருக்கு. வலது எண்டுல லேசா துடிப்பு தெரியுது, பூட்ல நகம் அளவுக்குக் கிழிசல். இன்னைக்கு லோடு ஏத்தல. புது எண்டும் பாக்கெட் பிரிக்காத ஸ்ப்ளிட் பின்னும் சத்தியமங்கலத்துல வாங்கி வெச்சிருக்கேன். அதே பட்டறைக்குத்தான் போகணும், பக்கத்துல வேற இல்ல. இந்தத் தடவை பின்னை நானே கையில வெச்சுட்டு நிப்பேன்.